மெர்லீன் டீச்சரின் இரண்டாம் பிரெஞ்சு

தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் ரோட்டில் எல்லோர் கையிலும் சேற்று வாசம் அடிக்கும். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடக்கூடாது என்பதால் லஃபயெட்டிலிருந்து ஹூஸ்டன் வரை எல்லோருக்கும் கிராஃபிஷ் என்கிற சேற்று இறால் வேண்டும். நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி, கம்பிக் கூடுகளை வரிசையாக ஊன்றி வைத்திருப்பார்கள். விடிந்ததும் தட்டைப் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கூடாகத் தூக்கி உதற வேண்டும். பிடித்ததெல்லாம் சிவப்பு வலைச்சாக்குகளில் என் கொட்டகைக்கு வரும். எடை போட்டு லாரியில் ஏற்றுவது என் வேலை. என் புருஷன் போன பிறகும் அந்தத் தராசை நான் விடவில்லை.

அந்த வருடம் தொண்ணூற்றேழு. பனி விலகாத ஒரு காலை, நோல்டன் தன் கடைசிச் சாக்கை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து காப்பி வாங்கிக் குடித்தான். அவன் தம்பி கர்லி பக்கத்தில் நின்று என்னிடம் வம்பளந்துகொண்டிருந்தான். காப்பிக் குவளை நோல்டன் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே சாய்ந்தான். வாயின் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது.

“அண்ணே! ஏ அண்ணே! வெர்னாக்கா, இங்க பாரு இவன் மூஞ்சிய!”

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் பள்ளிக்கூடத்துக்கு வண்டியை ஓட்டினேன். நோல்டன் பெண்சாதி மெர்லீன் அங்கே பிரெஞ்சு டீச்சர். வகுப்பு வாசலில் போய் நின்றேன். பாரீஸில் பியேர் என்று ஒரு பையன் ரொட்டிக்கடைக்குப் போகிற பாடம் நடந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் சுண்ணாம்புக் கட்டியைக் கையிலேயே பிடித்தபடி வெளியே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அது அவள் உள்ளங்கையில்தான் இருந்தது.

மெர்லீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இந்தப் பக்கத்துக்காரி இல்லை. வடக்கே ஷ்ரீவ்போர்ட். அங்கே நம் கறுப்புச் சனம் எல்லாம் பாப்டிஸ்ட், பேசுவதெல்லாம் இங்கிலீஷ். காலேஜில் பிரெஞ்சு படித்து, அதன் மேல் பைத்தியமாகி, ஒரு கோடை முழுக்க பிரான்சில் போய் இருந்துவிட்டு வந்தவள். எங்கள் டெஷ் ஆற்றங்கரையில் எல்லோரும் பிரெஞ்சு பேசுவார்கள் என்று யாரோ சொல்ல, ஆசையாக இங்கே வேலை கேட்டு வந்தாள். வந்து பார்த்தால் நாங்கள் பேசியது கிரியோல், எங்கள் முன்னோர் பிரெஞ்சிலிருந்து தங்களுக்கென்று ஆக்கிக்கொண்ட பேச்சு. அவளுடைய பிரெஞ்சு இஸ்திரி போட்ட சட்டை என்றால் எங்களுடையது வயலுக்குப் போட்டுப் போகிற சட்டை.

நோல்டனைக் கட்டிக்கொண்ட முதல் வருடம், பள்ளிக்கூடத்து ஆட்களுக்கு அவள் வீட்டில் விருந்து வைத்தாள். நோல்டன் தன் பாட்டுக்குக் கிரியோலில் ஏதோ சிரிப்பாகச் சொன்னான். பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார் உதட்டைச் சுழித்தார். அவர்கள் போனபின் மெர்லீன் சொன்னாள்: “என் ஸ்கூல்காரங்க முன்னாடி அதப் பேசாதீங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

நோல்டன் சண்டைபோடுகிற ஆள் இல்லை. சரி என்று தலையாட்டினான். அவள் கேட்டதற்கும் மேலே போய், அவள் காதில் விழும்படி அதைப் பேசுவதையே விட்டுவிட்டான். படகில் கர்லியோடு பேசுவான், என் கொட்டகையில் பேசுவான். வீட்டுப் படியேறினால் இங்கிலீஷ்தான். பிறந்த மகளும் இங்கிலீஷிலேயே வளர்ந்து டல்லாஸுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண்விழித்த நோல்டனுக்கு உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது கை வரவில்லை. பேச்சு வந்தது. ஆனால் இங்கிலீஷ் போய்விட்டிருந்தது.

அவளைக் கொண்டுபோய் விட்டதோடு சரி, அந்த முதல் நாட்களில் கர்லியும் நானும் அங்கே இல்லை. சீசன் உச்சத்தில் கூடுகளை விட்டால் உள்ளேயே செத்து நாறிப்போகும். அதனால் இது மெர்லீன் பிற்பாடு என் கொட்டகையில் உட்கார்ந்து சொன்னதுதான்.

டாக்டர் கேட்டிருக்கிறார்: “இவர் பேசறது ஒரு பாஷையா, இல்ல வெறும் உளறலா? நீங்க பிரெஞ்சு டீச்சராமே. நீங்கதான் சொல்லணும்.”

நோல்டன் அவளையே பார்த்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். “எயூ மோ தாங்யே? எயூ மோ தாங்யே?”

‘தாங்’ என்றால் பாரீஸ் பிரெஞ்சில் ‘உள்ளே’ என்று ஒரு அர்த்தம் உண்டு. மெர்லீன் அதைப் பிடித்துக்கொண்டாள். “எங்கயோ உள்ள இருக்கிற மாதிரி தோணுதாம் அவருக்கு. எங்க உள்ள இருக்கேன்னு கேக்கிறார்” என்றாள். டாக்டர் தலையை ஆட்டினார். குழப்பம், பொருளற்ற பேச்சு என்று முடிவானது. கொண்டுவந்த சாப்பாட்டையெல்லாம் அவன் தலையைத் திருப்பி மறுத்தான். மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று பேச்சு நடந்தது.

அப்போதுதான் கெர்தா என்ற நர்ஸ் பணிக்கு வந்தாள். ஹைட்டி நாட்டுக்காரி, அங்கேயும் பேசுவது ஒரு கிரியோல்தான். நோல்டன் கேட்டது காதில் விழுந்ததும் சட்டென்று நின்றாள். அவள் ஊர்ப் பேச்சில் திருப்பி ஏதோ கேட்டாள். நோல்டன் கண் விரிந்தது. மறுபடி சொன்னான். கெர்தா மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே கிடந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள்.

“பல்லு செட்டைக் கேக்கிறார் அம்மா. ‘என் பல்லெல்லாம் எங்க’ன்னு. பல்லு இல்லாம மனுஷன் எப்படிச் சாப்பிடுவார்?”

‘தாங்’ என்றால் பல்லும்தான். பாரீஸிலும் அதே சத்தம்தான். இத்தனை வருடம் அந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்தவளுக்கு, புருஷன் வாயில் பல் இல்லை என்பது கண்ணில் படவில்லை.

பல்லை மாட்டிக்கொண்ட நோல்டன் முதலில் கேட்டது, கெர்தாவைப் பார்த்து, “நீ யார் வீட்டுப் பொண்ணு?” என்று. எங்கள் பக்கத்தில் புதிதாகப் பார்க்கும் யாரையும் அப்படித்தான் கேட்போம். கெர்தா சிரித்துவிட்டாளாம். “கடலுக்கு அந்தப் பக்கத்து வீடு, மாமா. இருந்தாலும் சொந்தந்தான் போலிருக்கு.”

இதைச் சொல்லும்போது மெர்லீன் சிரித்தாள். அப்புறம் என் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நான் பேசாதேன்னு சொன்னேன் வெர்னா. அவர் பேசல. இப்ப அவர்கிட்ட மிச்சம் இருக்கிறது அது மட்டும்தான்.”

“அழுது என்ன பண்ண? போய்க் கத்துக்க. நீ டீச்சர்தானே.”

“எந்தப் புஸ்தகத்துல?”

“என்னக் கேளு. கர்லியக் கேளு. காசா பணமா.”

நோல்டன் வீட்டுக்கு வந்தான். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு முறை ஒரு பெண் வந்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பேர் சொல்லச் சொல்வாள். எல்லாம் இங்கிலீஷ். அவன் தன் பேச்சில் சரியாகச் சொன்னாலும் அவளுக்குத் தெரியாது. மெர்லீன் தானே அட்டை செய்யத் தொடங்கினாள். கொசு, வெண்டைக்காய், வாளி, படகு என்று வரைந்துவிட்டு, பின்பக்கம் எழுதக் கை வராமல் விழிப்பாள். கர்லி அடுக்களையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அவளைச் சீண்டுவான்.

“மதினி, அது அப்படி இல்ல. மூக்கால பேசாத. சளி புடிச்ச வாத்து மாதிரி இருக்கு.”

“நான் சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாச் சொன்னே. அதான் தப்பு.”

நோல்டன் சாய்வு நாற்காலியில் கிடந்து, கோணல் வாயால் சிரிப்பான். அவன் சிரிப்பதற்காகவே அவள் வேண்டுமென்று தப்பாகச் சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அவள் நிஜமாகவே தப்பாகத்தான் சொன்னாள்.

ஒருநாள் வெண்டைக்காய்க்குக் கிரியோலில் என்ன என்று யாரிடமும் கேட்க மறந்து, அட்டையைப் பையோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். வகுப்பில் அதைத் தூக்கிக் காட்டினாள். “உங்க வீட்ல இதுக்கு என்ன சொல்வாங்க? புஸ்தகத்துல உள்ளது வேண்டாம். வீட்ல.”

எல்லோரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். மாட்டிவிடுகிற கேள்வி என்று நினைத்திருப்பார்கள். அவள்தான் அந்த மாதிரி வார்த்தைகளை இத்தனை வருடம் சிவப்பு மையால் சுழித்தவள். பின்வரிசையிலிருந்து ஷான்ட்ரெல் ஒலிவியே என்ற பெண் மெதுவாகச் சொன்னாள். நல்ல மதிப்பெண் எடுப்பாள், ஆனால் தானாகப் பேசமாட்டாள்.

“ஃபெவி.”

“கொசுவுக்கு?”

“மாரிங்வேன்!” இந்த முறை நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். எங்கள் பக்கத்து வெள்ளைக்காரர்களும் ஒருவகை நாட்டுப் பிரெஞ்சு பேசுகிறவர்கள்தான்; அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் அதேதான் என்றார்கள். ஒருத்தன் இல்லை என்றான். சண்டை வந்தது. அந்த வகுப்பில் பிரெஞ்சுக்காக யாரும் சண்டைபோட்டதை மெர்லீன் அன்றுதான் பார்த்தாளாம்.

அதற்கப்புறம் அவள் நிற்கவில்லை. கெர்தாவுக்கு லீவு கிடைத்த ஒருநாள் அவளை வகுப்புக்கு அழைத்தாள். வெண்டைக்காய்க்குத் தங்கள் ஊரில் ‘கலாலு’ என்பார்கள் என்று அவள் சொல்ல, பிள்ளைகள் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். செனகல் நாட்டு ரேடியோவைப் பிடித்த ஒலிநாடா, மார்ட்டினீக் தீவுக்காரி ஒருத்தி தன் அம்மாவிடம் சண்டைபோடுகிற ஒலிநாடா என்று எங்கிருந்தெல்லாமோ தபாலில் வரவழைத்தாள். சுவரிலிருந்த பாரீஸ் கோபுரப் படத்தை அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் பெரிய உலகப் படத்தை மாட்டி, பிரெஞ்சு பேசும் இடங்களுக்கெல்லாம் குண்டூசி குத்தச் சொன்னாள். ஆப்பிரிக்காவில் குத்திக் குத்திக் குண்டூசி தீர்ந்துபோனது. பாடப் புத்தகத்தில் கறுப்பு மனுஷர் எத்தனை என்று தேடச் சொன்னாள். சந்தைப் படத்தில் ஒரே ஒருவர் அகப்பட்டார். அதுவும் முதுகுதான் தெரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஷான்ட்ரெலின் அப்பா ஃபெர்டினண்ட் ஒலிவியே வந்தார். பூசை முடிந்த ஞாயிறு. சர்க்கரை ஆலையில் மேஸ்திரி, கோவிலில் காணிக்கைத் தட்டு எடுக்கிறவர். எங்களில் ஒருத்தர்தான். கோட்டைக் கழற்றாமலே அடுக்களை வாசலில் நின்றார். நான் உரித்த கிராஃபிஷ் கொண்டுவந்திருந்தேன். மெர்லீன் அடுப்பில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கிக்கொண்டிருந்தாள். கர்லி சோற்றுப் பானையோடு நின்றான்.

“டீச்சர், நான் ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். எம் பொண்ண எதுக்கு உங்க கிளாசுக்கு அனுப்புறேன்?”

“பிரெஞ்சு படிக்கிறதுக்கு, மிஸ்டர் ஒலிவியே.”

“ஆமா. பிரெஞ்சு. ஸ்காலர்ஷிப் வாங்கி, பெரிய காலேஜுக்குப் போய், நாலு பேர் மதிக்கிற மாதிரி பேசணும்னு. கொசுவுக்கு மாரிங்வேன்னு சொல்லவா நான் டீசல் ஊத்தி அனுப்புறேன்? அத எங்க வீட்டுப் பின்னாடி சும்மாவே கத்துக்கலாமே.”

“கத்துக்குறாளா?”

“என்னது?”

“வீட்ல. யார் பேசுறீங்க அவகூட?”

“நாங்க பேசுறதில்ல. வேணும்னுதான் பேசுறதில்ல.” அவர் குரல் உயர்ந்தது. “நான் ஆர்மியில ஜெர்மனியில இருந்தேன் டீச்சர். வெள்ளைக்காரன் சிரிச்சா பரவாயில்ல, அவன் எதுக்கும் சிரிப்பான். சிகாகோவிலிருந்து வந்த நம்ம கறுப்புப் பயலுக சிரிச்சானுக. நான் வாயத் தொறந்தா தவளை மாதிரி கத்துவானுக. முழுசா ரெண்டு வருஷம் என் பேரே தவளைதான். திரும்பி வந்து, எம் பிள்ளைங்க வாயில இது வரக்கூடாதுன்னு வச்சேன். நீங்களும் அப்படித்தானே இருந்தீங்க? ஊருக்கே தெரியும்.”

மெர்லீன் கரண்டியை நிறுத்தினாள். வெங்காயம் கருகுகிற வாசம் வந்தது. நான் எட்டி அடுப்பை அணைத்தேன். அவர் சொன்னதெல்லாம் ஒரு காலத்தில் அவளே சொன்னது.

“ஆமா. அப்படித்தான் இருந்தேன்” என்றாள்.

மூலையிலிருந்து நோல்டன் தொண்டையைச் செருமினான். இழுத்து இழுத்து, கிரியோலில் கேட்டான்: “காப்பி... குடிக்கிறியா... ஃபெர்டினண்ட்?”

“குடிக்கிறேன், சீனி வேண்டாம். கடவாப்பல்லு நேத்துலருந்து குடையுது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. எம் பொண்டாட்டி என்னடான்னா கிராம்ப வை, கிராம்ப வைங்கறா. கிராம்புக்கு எங்க போறது, ஏற்கெனவே தாடை பலூன் மாதிரி...”

காப்பிக்குச் சொன்ன அந்தப் பதில் முழுக்கக் கிரியோல். கோபத்தில் வந்தவர் அதைக் கவனிக்கவே இல்லை. கர்லி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அந்தச் சிரிப்பில்தான் ஃபெர்டினண்ட் நின்றார். முகம் இறுகிப்போயிற்று.

“கர்லி, வெளிய போ” என்றாள் மெர்லீன்.

“நான் ஒண்ணும் சொல்லலியே மதினி!”

“போ.”

ஃபெர்டினண்ட் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். நோல்டன் தன் இடது கையால் அவர் முட்டியில் தட்டினான்.

“எத்தன வருசமாச்சு” என்றார் ஃபெர்டினண்ட், இங்கிலீஷில். “இத வாய்விட்டுப் பேசி.”

“அவர்கிட்டப் பேச வாங்க” என்றாள் மெர்லீன். “பேச ஆள் இல்லாமத்தான் கஷ்டப்படறார். என் பேச்சு அவருக்குப் பத்தல.”

அவர் மீதிக் காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார்.

“ஒண்ணு சொல்றேன் டீச்சர். இந்தக் கொண்டாட்டம், ஒருநாள் கூத்து, சுவத்துல குண்டூசி, அதெல்லாம் எனக்கு வேண்டாம். கறுப்புப் பிள்ளைங்க சந்தோஷப்படட்டும்னு ஒரு வெள்ளிக்கிழம நடத்துறதா இருந்தா எம் பொண்ண விட்டுருங்க. பாடம்னா பரிட்சை வைங்க. மார்க் போடுங்க. மார்க் இல்லாதத எவனும் பாடம்னு மதிக்கமாட்டான். எம் பொண்ணே மதிக்கமாட்டா.”

மெர்லீன் அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தலைமை ஆசிரியரிடம் போனாள். இரண்டு வாரம் இழுத்தடித்தார். வருஷக் கடைசிப் பரிட்சையில் எழுபது மதிப்பெண் புத்தகத்துக்கு, முப்பது கேட்டுப் புரிந்து எழுதுவதற்கு என்று ஏற்கெனவே இருந்தது. அந்த முப்பதில் எந்த ஊர்க் குரலைப் போடுவது என்பது டீச்சர் இஷ்டம் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். புகார் வந்தால் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார்.

ஒலிநாடாவில் முதல் குரல் கெர்தா. அடுத்தது நோல்டன். மே மாதத்துக்குள் அவனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. ஆனாலும் மெர்லீன் கிரியோலில்தான் கேட்டாள், அவனும் அதில்தான் சொன்னான். வயலில் கட்டின தண்ணீரை வடிக்கிறது, அடுத்து நெல் விதைக்கிறது பற்றி அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்வான். நடுவில் ஒரு இடத்தில் மெர்லீன் ஏதோ கேட்க, “நீ பேசறது எனக்கே விளங்கல” என்று அவன் சிரிப்பதும் பதிவாகிவிட்டது. அவள் அதை அழிக்கவில்லை.

சீசன் முடிந்து நான் கொட்டகையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த சாயங்காலம். மெர்லீன் கடைசிக் கிராஃபிஷ் மூட்டையை வாங்கிப் போக வந்திருந்தாள், வீட்டில் அவித்துப் போட. ஃபெர்டினண்டின் டிரக் வந்து சரளைக்கல் தெறிக்க நின்றது. பரிட்சைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஷான்ட்ரெல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“எழுபத்தாறு! எம் பொண்ணு பிறந்ததுலருந்து தொண்ணூறுக்குக் கீழ எடுத்ததில்ல!”

“தெரியும், மிஸ்டர் ஒலிவியே.”

“பாரீசுக்காரன் பாஷையில ஒரு தப்பு இல்ல. எழுபதுக்கு எழுபது. அந்த முப்பதுல மட்டும் ஆறா? அவ அப்பன் பாஷையில ஆறா? அவ கிளாஸ் வெள்ளைக்காரப் பய ஒருத்தன் இருபத்தஞ்சு எடுத்திருக்கான்!”

“அவங்க வீட்ல பேசுறாங்க” என்றாள் மெர்லீன். “ஷான்ட்ரெலுக்கு வார்த்தை வார்த்தையாத் தெரியுது. யாராவது சேர்த்துப் பேசினா விட்டுடறா. கேட்டுப் பழக்கமில்ல. நீங்க மார்க் போடச் சொன்னீங்க. போட்டேன்.”

ஃபெர்டினண்ட் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தவர் போல. நான் தண்ணீர்க் குழாயை மூடினேன். ஒருவேளை மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்வார், இல்லை மகளை ஸ்பானிஷ் வகுப்புக்கு மாற்றப்போகிறேன் என்பார் என்று நினைத்தேன். மெர்லீனும் அப்படித்தான் நினைத்து நின்றாள்.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். டிரக் பக்கம் திரும்பி, கிரியோலில் சத்தமாகச் சொன்னார்: “ஷான்ட்ரெல், கீழ எறங்கு. டீச்சர் மூட்டைய அந்தப் பக்கம் பிடிச்சு வண்டியில ஏத்து.”

அந்தப் பெண் கதவைத் திறந்து இறங்கினாள். ஏதோ கொண்டுவரச் சொல்கிறார் என்று மட்டும் புரிந்திருக்கிறது. பின்னால் ஏறி, கிடந்த ஒரு காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தாள்.

கர்லி அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

“இல்லம்மா” என்றார் ஃபெர்டினண்ட். இங்கிலீஷுக்கு வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றித் தராசின் மேல் வைத்தார். அப்புறம் எங்கள் பேச்சிலேயே, ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டுச் சொன்னார்:

“திருப்பிச் சொல்றேன். கேளு.”